குழை வெட்டிய பாதை

அன்று மாரியம்மன் கோயில் மண்டபத்தில் யார் யார் இருந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வராதவர்கள் பலர் இப்போது வந்திருந்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள். சப் இன்ஸ்பெக்டர் பாலகுமார் இருந்தார். அவருடன் வந்த வங்காளிக் காவலர் செருப்பைக் கழற்ற மனமில்லாமல் வாசலிலேயே நின்றார். பூசாரி முனியாண்டி இருந்தார். டீக்கடை மருதாயி இருந்தாள். இறந்துபோன அன்பழகனின் மனைவி சுதா தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காலமான என் தம்பியின் மனைவி அங்கம்மா பெண்கள் வரிசையின் கடைசியில் இருந்தாள். அவள் மகன் முத்துவீரன் என் வலப்பக்கம் நின்றான். எங்கள் குடியிருப்பின் வீட்டுத் தலைவர்கள் ஏறக்குறைய எல்லோரும் வந்திருந்தார்கள். பிறகு நான், பொன்னுத்துரை. கங்காணி வீட்டு மூத்தவன்.

கங்காணி என்ற வேலை போர்ட் பிளேருக்குத் தெற்கே இருக்கும் இந்தத் தீவில் இல்லை. இலங்கையில் தேயிலை மலையில் என் தாத்தா கங்காணி, அப்பா கங்காணி. இரண்டு நாட்டு அரசும் ஒப்பந்தம் போட்டு எங்களைக் கப்பலேற்றி அனுப்பியபோது லயத்து வரிசை வீடுகளையும் தேயிலையையும் விட்டுவிட்டு வந்தோம். பெயரை மட்டும் கொண்டுவந்தோம். ஹட் பேயிலிருந்து உள்ளே போகும் சாலையில், எண்ணெய்ப் பனைத் தோட்டத்தின் ஓரம் குடியேறினோம். நான் அந்தத் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றேன். பிறகு தோட்டத்தை மூடிவிட்டார்கள். இன்று பனைகளைக் காடு விழுங்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் இங்கே ஒரு பெண்ணைக் கேட்டு வருகிறவனும், ஒரு வழக்கைத் தீர்க்க வருகிறவனும், கங்காணி வீட்டில் என்ன சொன்னார்கள் என்று இப்போதும் கேட்பான். நாங்கள் சொன்னால் சொன்னதுதான்.

கட்டுத் துவக்கு என்றால் என்ன என்று கப்பலில் வந்திறங்கும் ஆட்களுக்குத் தெரியாது. துப்பாக்கியைத்தான் நாங்கள் துவக்கு என்போம். ஆள் கையில் பிடித்துச் சுடுவதல்ல இது. பன்றி வரும் தடத்தில் தாழ்வாக மறைத்து வைப்பது. குறுக்கே ஒரு கம்பி. பன்றி கம்பியில் இடித்தால் வெடிக்கும். வைத்தவன் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பான். மலையில் இருந்தபோதே எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த வித்தை. இங்கே மரவள்ளியையும் பாக்குக் கன்றையும் பன்றி கிளறிப் போட்டபோது அந்த வித்தை மறுபடி தலையெடுத்தது. உரிமம் கிடையாது, கொல்லன் கிடையாது. கிடைத்த குழாயில் செய்துகொண்டார்கள்.

அதற்கு ஒரு முறையும் கூடவே வந்தது. துவக்கு வைத்தவன் அந்தப் பாதையின் இரண்டு வாயிலும், நெஞ்சு உயரத்தில், ஒரு பச்சைக் குழையை, அதாவது இலைக்கொத்தை, ஒடித்து, இலை கீழே தொங்கும்படி கட்ட வேண்டும். வாடினால் மாற்ற வேண்டும். பச்சைக் குழை தொங்கினால் உள்ளே துவக்கு இருக்கிறது, போகாதே. காய்ந்த குழை என்றால் எடுத்தாயிற்று, போகலாம். கட்டியவன்தான் அவிழ்க்க வேண்டும், வேறு கை படக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும், வங்காளிக்கும், தெலுங்கனுக்கும், நாளடைவில் இது விளங்கியது. குழை கட்டாமல் துவக்கு வைப்பவனை எங்கள் ஆட்கள் மனிதரில் சேர்ப்பதில்லை.

ஆனாலும் விபத்து வந்தது. போன வருடம் மழைக்காலத்தில் காற்று ஒரு குழையை அடித்துக்கொண்டு போய், வங்காளி விவசாயி ஒருவரின் கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. அடுத்து, விழுந்த பன்றி யாருடையது என்ற சண்டையில் இரண்டு இளவட்டங்கள் கையில் தூக்கிச் சுடும் துவக்கோடு நின்றார்கள். ஒருவனுக்கு ஒரு கண் இல்லை இப்போது. முன்பிருந்த அதிகாரி வீடு வீடாகச் சோதனை போட்டார். அடுப்படி வரை பூட்ஸ் காலோடு ஆட்கள் போனார்கள். ஒன்றும் அகப்படவில்லை. துவக்குகள் வீட்டைவிட்டுக் காட்டுக்குள் போயின, அவ்வளவுதான் பலன்.

பாலகுமார் அப்படி வரவில்லை. போர்ட் பிளேரில் ஷாதிபூரில் வளர்ந்த பையன். தமிழ் பேசுவார், பாதியில் இந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும். வந்த முதல் மாதம் முழுக்க மருதாயி கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார். மருதாயி யாரையும் விட்டுவைக்கிறவள் அல்ல.

"சார் டீ குடிக்க வர்றீங்களா, துவக்கு மோப்பம் பிடிக்க வர்றீங்களா?" என்று கேட்டாள்.

"தோனோ, ரெண்டும் தான்க்கா," என்றார் அவர். "டீ நல்லா இருக்கு. அதனால மோப்பம் லேட்டாகுது."

அந்தப் பதிலுக்குப் பிறகுதான் ஊர் அவரோடு பேசத் தொடங்கியது. பிள்ளைகள் எந்தக் குறுக்குப் பாதையில் பள்ளிக்கூடம் போகிறார்கள், எந்தப் பெண் எந்தப் பாதைக்குப் பயந்து சுற்றிப் போய்த் தண்ணீர் எடுக்கிறாள் என்றெல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு என் வீட்டுக்கு வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். அதை நான் கவனித்தேன். ஊரே முன்நின்று துவக்குகளை ஒப்படைத்தால் பெயர் கேட்க மாட்டேன், வழக்குப் போட மாட்டேன், மேலதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டேன் என்றார். நான் இரண்டு நிபந்தனை சொன்னேன். எந்த வீட்டுக்குள்ளும் போலீஸ் நுழையக் கூடாது. எந்தப் பெண்ணையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிடக் கூடாது. ஒப்புக்கொண்டார். ஊர்க் கமிட்டிக்கு என்னைத் தலைவராக வைத்தார்கள்.

போலீசுக்கும் ஊருக்கும் நடுவே ஓட ஒரு ஆள் வேண்டியிருந்தது. அன்பழகன் வந்தான். பாக்கு மரம் ஏறுகிறவன். வாய் நிறையச் சிரிப்பு. அவன் மகள் பள்ளிக்கூடம் போகும் குறுக்குப் பாதையிலும் குழை தொங்கியது, அதனால் வந்தான். வீடு வீடாகப் போய், கையெடுத்துக் கும்பிட்டுப் பேசினான். மருதாயி அவனுக்கு போலீஸ் மாப்பிள்ளை என்று பெயர் வைத்தாள். "மாப்பிள்ளைக்குச் சீர் என்ன, லத்தியா விசிலா?" என்பாள். "ரெண்டும் வேணாம்க்கா, கடன் டீ ஒண்ணு போதும்," என்பான்.

ஒப்படைப்பை முனியாண்டி ஒழுங்கு செய்தார். விடியற்காலைப் பூசைக்கு முன் கோயிலின் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு அவர் குளிக்கப் போவார். பாலகுமார் டீக்கடையில் கோயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். பூசாரி திரும்பி வரும்போது சூலத்தடியில் சாக்கு மூட்டைகள் இருக்கும். ஒரு வாரம் இப்படி நடந்தது. யார் வைத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயன்றதும் இல்லை.

வார முடிவில், இவ்வளவுதானா என்று பாலகுமார் கேட்டார். அதில் சந்தேகம் தொனித்தது. நான் வீட்டுத் தலைவர்களைக் கூட்டி, ஒவ்வொருவரும் கற்பூரத்தின் மேல் கையடித்துச் சொல்லட்டும் என்றேன். சொன்னார்கள். கடைசியில் நான் போனேன். கங்காணி வீட்டில் துவக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை என்று சத்தியம் செய்தேன். தம்பி இறந்ததிலிருந்து அவன் வீட்டுக்கும் நான்தான் தலைவன். ஒரே வேலிக்குள் ஒரே வளவு, நடுவில் ஒரு கதவு. இரண்டு வீட்டுக்கும் சேர்த்துத்தான் கையடித்தேன். கூட்டத்தின் பின்னால் முத்துவீரன் நின்றிருந்தான். அப்போது அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய காரணம் எனக்கு இருக்கவில்லை.

அதற்கு இரண்டாம் நாள் போர்ட் பிளேரிலிருந்து பெரிய அதிகாரிகள் கப்பலில் வருவதாக இருந்தது. துவக்கில்லாத ஊர் என்று பலகை வைத்து, மாலை போட்டு, படம் எடுப்பதாக ஏற்பாடு. பாதைகளின் வாயில் குழைகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. சில காய்ந்திருந்தன, சில வாடியிருந்தன, சில பச்சை. அன்பழகன் வந்து, அதிகாரிகள் பார்த்தால் என்ன நினைப்பார்கள், எடுத்துவிடலாமா என்று கேட்டான். கட்டியவன்தான் அவிழ்க்க வேண்டும் என்று முனியாண்டி சொன்னார். கட்டியவன் பகலில் வந்து அவிழ்த்தால் அவன் இன்னான் என்று ஊருக்குத் தெரிந்துவிடுமே, பெயர் கேட்க மாட்டோம் என்றது பொய்யாகிவிடுமே என்றான் அன்பழகன். அதில் நியாயம் இருந்தது. பச்சையாக இருப்பதைப் பற்றி யாரோ கேட்டார்கள். முந்தாநாள் எடுத்த துவக்கின் குழை இன்று காய்ந்துவிடுமா என்று கேட்டு, சத்தியம் செய்தாயிற்று, வெட்டுங்கள் என்றேன்.

அன்பழகன் இளவட்டங்களைக் கூட்டிக்கொண்டு போய் எல்லாக் குழைகளையும் வெட்டினான். பாதை வாய்களைச் செதுக்கிச் சுத்தம் செய்தான். அதிகாரிகள் வந்தார்கள். மாலை போட்டார்கள். எனக்கு ஒரு சால்வை கிடைத்தது. அந்தப் படம் கைபேசிகளில் நிக்கோபார் வரை போனது.

மறுநாள் அன்பழகன், பிள்ளைகள் அந்தக் குறுக்குப் பாதையில் மறுபடி போகத் தொடங்குமுன் தான் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வருவதாகச் சுதாவிடம் சொல்லிவிட்டுப் போனான்.

சத்தம் டீக்கடை வரை கேட்டது. அது என்ன சத்தம் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. எல்லோரும் பாதை வாய்க்கு ஓடினோம். அங்கே நின்றுவிட்டோம்.

இதைச் சொல்லத்தான் வேண்டும். அவன் கூப்பிடும் குரல் கேட்டது. ஆனால் எங்கள் முன்னால் செதுக்கிச் சுத்தம் செய்த வாய் மட்டும்தான் இருந்தது. உள்ளே ஒன்று வெடித்திருக்கிறது, இன்னும் எத்தனை இருக்கிறது என்று சொல்ல ஒரு இலைகூட இல்லை. முன்பானால் குழையைப் பார்த்து, இந்தப் பக்கம் வேண்டாம், அந்தப் பக்கம் சுற்று என்றிருப்போம். இப்போது எந்தப் பக்கம் கால் வைப்பது என்று தெரியவில்லை. சுதா ஓடி வந்தாள். மருதாயி அவளை இடுப்போடு கட்டிப் பிடித்துக்கொண்டாள். சுதா அவள் கையைக் கடித்தாள். மருதாயி விடவில்லை. நீண்ட மூங்கில் ஒன்றை வெட்டிக்கொண்டு வந்து, முன்னால் தரையைத் தடவித் தடவி, முனியாண்டியும் நானும் போனோம். விரைந்து போக முடியவில்லை. நாங்கள் போய்ச் சேருமுன் அவன் குரல் நின்றுவிட்டது.

தொடையில் பட்டிருந்தது. பெரிய ரத்த நரம்பு அறுந்திருந்தது. தன் சட்டையைக் கழற்றிக் கட்டிக்கொள்ளப் பார்த்திருக்கிறான். பாதி கட்டியதோடு கை நின்றிருந்தது.

அடக்கம் முடிந்த பிறகு ஊர் ஊராக இல்லை. யாரும் குறுக்குப் பாதையில் கால் வைக்கவில்லை. பிள்ளைகள் தார்ச்சாலையைச் சுற்றி நடந்தார்கள். எந்தக் காட்டில் இன்னும் எத்தனை கிடக்கிறது என்று தெரியாது. வைத்தவன் ஒருவன் அல்ல என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். கற்பூரத்தில் அடித்த கைகளை ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டோம். அவன் இவன் என்று பெயர்கள் கைபேசியில் சுற்றின. வங்காளிகள் எங்கள் மேல் பழி சொன்னார்கள், எங்கள் ஆட்கள் அவர்கள் மேல் சொன்னார்கள். கண்ணிழந்தவனின் அண்ணன் அரிவாளோடு திரிவதாகச் செய்தி வந்தது.

பாலகுமார் என் வீட்டுக்கு வந்தார். அவர் முகத்தில் தூக்கம் இல்லை.

"ஐயா, சீதா பாத், நேரா சொல்றேன். மேல இருந்து வீடு வீடா தேடச் சொல்றாங்க. நாள மறுநாள் ஃபோர்ஸ் வருது. தேடினா ஒண்ணு ரெண்டு கிடைக்கும். பாக்கி மண்ணுக்குள்ள போயிடும், கம்பியோட. அப்புறம் நானும் இல்ல, கமிட்டியும் இல்ல."

என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"வெச்சவன் தானா வரணும். ஒருத்தன் வந்தா போதும். அவன ஊர் அடிக்கல, போலீஸ் அடிக்கல, கானூன் படி, சட்டப்படி நடந்துச்சுன்னு மத்தவன் பாக்கணும். அப்பதான் பாக்கி வெளிய வரும்."

அன்று மதியம் முத்துவீரன் வந்தான். அவன் ஹட் பே ஜெட்டியில் சரக்கு இறக்கும் வேலையில் இருப்பவன். கப்பல் நின்ற நாளெல்லாம் அங்கேயே தங்கிவிடுவான். மாட்டுக் கொட்டிலில் நான் இருந்த இடத்துக்கு வந்து, நின்று, உட்கார்ந்து, மறுபடி எழுந்து நின்றான்.

"பெரியப்பா, அது நான் வெச்சது."

நான் கையில் இருந்த புல்லைக் கீழே போட்டேன். எப்போது வைத்தாய் என்று கேட்டேன். சத்தியத்துக்கு முன்பே என்றான். அம்மாவின் மரவள்ளிக் கொல்லையைப் பன்றி இரண்டு முறை அழித்துவிட்டது, அதற்காக வைத்தேன், கோயிலில் கொண்டுபோய்ப் போடத்தான் நினைத்திருந்தேன் என்றான்.

"போட வேண்டியதுதானே?"

"நீங்க கையடிச்சுட்டீங்களே. அன்றும் இல்ல, இன்றும் இல்லன்னுட்டீங்க. அதுக்கப்புறம் ஒரு மூட்டை வந்தா, யாரோடதுன்னு ஊரு பேசும். கங்காணி வீடு பொய்ச் சத்தியம் பண்ணுச்சுன்னு ஆயிரும். கப்பல் வேலை முடிஞ்சதும் எடுத்து யாருக்கும் தெரியாமப் புதைச்சிரலாம்னு இருந்தேன். ஜெட்டிக்குப் போற அன்னைக்குக் காலையில பழைய குழைய எடுத்துட்டுப் புதுசா கட்டிட்டுத்தான் போனேன் பெரியப்பா. யாரும் போக மாட்டாங்கன்னு நெனச்சேன்."

நடுக்கதவுக்குப் பின்னால் அங்கம்மா நின்றிருந்தாள். எங்கள் வீட்டில் தம்பி மனைவி மூத்தவர் முகம் பார்த்துப் பேசுவதில்லை. மணமாகி வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் நேராக ஒரு சொல் பேசியது கிடையாது. எதுவானாலும் கதவிடம் சொல்லுவாள், அல்லது மகனிடம் சொல்லுவாள், நான் கேட்டுக்கொள்வேன். இப்போதும் மகனிடம்தான் சொன்னாள். சாயங்காலம் போர்ட் பிளேருக்குக் கப்பல் இருக்கிறது, டாலிகஞ்சில் அவள் அண்ணன் கடை இருக்கிறது, அங்கிருந்து மெயின்லேண்டுக்கு அனுப்பிவிடுவார், நீ போய்விடு, உன் பெரியப்பா வீட்டு மானத்துக்காகவாவது போக விடுவார் என்றாள். பையை அதற்குள் கட்டி வைத்திருந்தாள்.

அவள் சொன்னதில் ஒன்று சரி. அவன் கப்பலேறினால் வீட்டின் பெயர் தப்பும். யாரும் எங்களைச் சந்தேகிக்கவில்லை. கற்பூரத்தில் அடித்த கை என்னுடையது. படை வந்து தேடினாலும் எங்கள் வளவுக்குள் வர யோசிக்கும். நான் கொட்டிலில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மாடு என் தோளை நக்கிக்கொண்டிருந்தது. பெயர் தப்பும், ஆனால் சத்தியம் பொய்யாகவே நிற்கும். பொய்ச் சத்தியத்தின் மேல் நிற்கும் பெயரை எங்கள் அப்பா ஏற்றிருக்க மாட்டார். மலையில் ஒருமுறை அவருடைய கும்பலில் ஒருவன் தேயிலைக் கொழுந்தைத் திருடினான் என்று தோட்டத்துத் துரை சொன்னபோது, அவர் தேடிப் பார்த்து, திருடியது தன் மைத்துனன் என்று கண்டு, அவனை அழைத்துக்கொண்டு பங்களாவுக்குத் தானே போனார். ஊர் அதை மறக்கவில்லை. நான் அந்த வீட்டு மூத்தவன்.

குளித்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வா என்றேன் முத்துவீரனிடம். அவன் அம்மாவைப் பார்த்தான். பிறகு போய்க் குளித்தான். அங்கம்மா பையைக் கையில் பிடித்தபடியே எங்கள் பின்னால் மண்டபத்துக்கு வந்தாள். முனியாண்டி மணியடித்துக் கூட்டம் சேர்த்தார். வந்தவர்கள் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நான் சுருக்கமாகச் சொன்னேன். அன்பழகனைக் கொன்ற துவக்கு கங்காணி வீட்டுத் துவக்கு. வைத்தவன் என் தம்பி மகன். நான் செய்த சத்தியம் பொய். எனக்குத் தெரியாமல் செய்தேன் என்பது அதை மெய்யாக்காது. இவ்வளவுதான் சொன்னேன்.

கண்ணிழந்தவனின் அண்ணன் பின்வரிசையில் எழுந்தான். பக்கத்தில் இருந்தவர்கள் அவனைப் பிடித்து உட்கார வைத்தார்கள். முத்துவீரன் சுதாவின் முன்னால் போய், கொஞ்சம் தள்ளி, தரையில் உட்கார்ந்தான். அவள் அவனைப் பார்த்தாள். நாங்கள் எல்லோரும் அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தோம்.

"குழை கட்டினியா?" என்று கேட்டாள்.

"கட்டினேன்க்கா."

"பச்சையாவா?"

"ஜெட்டிக்குப் போன அன்னைக்குக் காலையில மாத்திக் கட்டினது."

சுதா முந்தானையை எடுத்து வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அந்தப் பதில் அவளுக்கு எவ்வளவு கொடியது என்பது மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. குழையை வெட்டிய அரிவாள் அவள் வீட்டுக் கூரை இறவாணத்தில்தான் செருகியிருந்தது.

பாலகுமார் எழுந்தார். "கேஸ் போடாம இருக்க முடியாது ஐயா," என்றார் என்னிடம். "அன்னைக்குச் சொன்ன மாஃபி, மன்னிப்பு, பொருளுக்கு. உயிருக்கு இல்ல. ஆனா தானா வந்தான்னு நானே எழுதுவேன்."

மாஃபி நான் கேட்கவில்லை என்றேன். விலங்கு போடக் கூடாது, பகலில், சாலையில், சட்டையோடு நடந்து போகட்டும், நான் கூட நடப்பேன் என்றேன். சரி என்றார்.

அப்போதுதான் அங்கம்மா எழுந்து வந்தாள். பெண்கள் வரிசையைத் தாண்டி, நேராக என் முன்னால் நின்றாள். முகத்தைப் பார்த்தாள்.

"சத்தியம் பண்றதுக்கு முந்தி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவள் என்னிடம் நேராகச் சொன்ன முதல் சொல் அது. கடைசிச் சொல்லும் இதுவரை அதுதான். அவள் கையிலிருந்த பையை மகனிடம் கொடுத்தாள்.

ஸ்டேஷன் ஜீப் சாலையில் நின்றிருந்தது. ஜீப்பில் ஏறாமல் ஊர் எல்லை வரை நடந்தோம், அவன், நான், பாலகுமார். கதவுகளில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். டீக்கடையைத் தாண்டும்போது மண்டபத்திலிருந்து முன்பே திரும்பிவிட்ட மருதாயி, சுதா கடித்த கையில் கட்டோடு, அடுப்புக்குப் பின்னால் இருந்தாள். அவள் வாயிலிருந்து ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அது எனக்கு அதிகமாக வலித்தது.

மறுநாள் காலை முனியாண்டி என் வீட்டு வாசலில் வந்து நின்று, வந்து பாருங்கள் என்றார். போனேன். குறுக்குப் பாதையின் வாயில் ஒரு பச்சைக் குழை. அடுத்த பாதையில் ஒன்று. பழைய பனைத் தோட்டத்துக்குப் போகும் வழியில் மூன்று. வங்காளிகள் பக்கத்துப் பாதைகளிலும் தொங்கின. அவர்கள் வேறு மாதிரி முடிச்சுப் போட்டிருந்தார்கள், ஆனால் இலை கீழே பார்த்துத்தான் தொங்கியது. இவ்வளவா என்று முனியாண்டி கேட்டார். கற்பூரத்தில் கையடித்தவர்கள் எத்தனை பேரோ அத்தனைக்குக் குறையாது.

யாரும் மூட்டை கொண்டுவரவில்லை. யாரும் முன்வரவில்லை. இங்கே இருக்கிறது என்று குழையால் மட்டும் சொன்னார்கள்.

பாலகுமார் வந்தார். கூட வந்த காவலர் பழக்கத்தில் கத்தியை எடுத்துக் குழையை வெட்டப் போனார். நான் அவர் கையைப் பிடித்தேன். போலீஸ்காரன் கையைப் பிடித்தது என் வாழ்வில் அதுவே முதல் முறை.

"வெட்டாதே," என்றார் பாலகுமார் அவரிடம். "அது எங்க காட்டுதோ அங்க போ."

அன்று தொடங்கி, மூங்கிலை முன்னால் நீட்டிக்கொண்டு, முனியாண்டியும் நானும் வழி காட்ட, காவலர்கள் பின்னால் வர, ஒவ்வொரு குழைக்கும் உள்ளே போனோம். வங்காளிக் குடியிருப்பிலிருந்து காலிழந்த விவசாயி ஊன்றுகோலோடு வந்து அவர்கள் பக்கத்துத் தடங்களைச் சொன்னார். கோயிலுக்கு வந்ததைவிட அதிகமாகக் கிடைத்தது. யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. மேலிடத்திலிருந்து வருவதாக இருந்த படையைப் பாலகுமார் எப்படியோ நிறுத்தினார். எடுத்த இடத்துக் குழையைத் தொடாமல் விட்டோம். கட்டியவன் விட்டுவிட்டதால் அது தானாகக் காய்ந்தது. எல்லாக் குழையும் காய்ந்த பிறகுதான் பிள்ளைகளைப் பாதையில் விட்டோம். காய்ந்ததா என்று பார்த்துச் சொல்லும் வேலையைச் சுதா கேட்டு வாங்கிக்கொண்டாள். இப்போதும் அவள்தான் சொல்கிறாள். அவள் சொல்லாமல் எந்தப் பிள்ளையும் போகாது. அவள் என் வீட்டுக்கு வருவதில்லை. நான் கூப்பிடவும் இல்லை. கூப்பிட எனக்கு வாயில்லை.

முத்துவீரன் போர்ட் பிளேர் சிறையில் இருக்கிறான். வழக்கு நடக்கிறது. மாதம் ஒருமுறை கப்பலில் போய்ப் பார்க்கிறேன். அங்கம்மா தனியாகப் போகிறாள், வேறு கப்பலில். நடுக்கதவை அவள் பக்கம் பலகை அடித்து மூடிவிட்டாள். மாரியம்மன் திருவிழாவில் முதல் மரியாதை எங்கள் வீட்டுக்கு. இந்த ஆண்டும் தட்டைக் கொண்டுவந்தார்கள். முனியாண்டியிடமே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். சால்வை பெட்டியில் கிடக்கிறது.

ஊர் பலவற்றைப் பேசும். நான் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறவன் அல்ல. தம்பி மகனைக் காட்டிக்கொடுத்தேன் என்கிறார்கள், சொல்லிக்கொள்ளட்டும். ஆனால் ஹட் பே ஜெட்டியில் ஒன்று சொல்கிறார்கள். அது கப்பலேறி போர்ட் பிளேர் வரை போய்விட்டது. முத்துவீரன் குழை கட்டாமல் துவக்கு வைத்தான் என்கிறார்கள்.

அது தவறு. கட்டியிருந்தான். பச்சைக் குழை, இரண்டு வாயிலும். வெட்டியவன் அன்பழகன். வெட்டச் சொன்னவன் நான்.